'ஒருமனதாக' என்ற சொல்லை எதிர்த்து நிற்கிறேன்

(இண்டூரில் பெற்றோரும் இளைஞர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஒரு தாய் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஜெய் பீம்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நிற்கப் போகிறேன் என்று சொன்னதும் இரண்டு கேள்விகள் வந்தன. "அதுக்கெல்லாமா எலெக்‌ஷன்?" என்று ஒன்று. "சம்பளம் உண்டா?" என்று இன்னொன்று. சம்பளம் கிடையாது. தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை நாம் கையில் எடுப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கேற்ற இடம் தர வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. அடுத்த முறை வரும்போது நம் தெரு தயாராக இருக்க வேண்டும்.

சட்டம் இப்படி இருக்க, பல ஊர்களில் நடப்பது என்ன? ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்கூட்டியே பேசிப் பெயர்களை எழுதி வைத்துவிடுகிறார்கள். கூட்டத்தில் அது வாசிக்கப்படும். கைதட்டுவார்கள். 'ஒருமனதாகத் தேர்வு' என்று எழுதிவிடுவார்கள். காலனியிலிருந்து ஒரு அக்காவின் பெயரும் அதில் இருக்கும். அவர் குழுவில் இருப்பது கையெழுத்து வாங்க வரும்போதுதான் அவருக்கே தெரியும்.

இந்த 'ஒருமனதாக' என்ற சொல் நமக்குப் புதிதா? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்கள். 1996 முதல் 2006 வரை அங்கே என்ன நடந்தது? மனுத்தாக்கல் செய்ய ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். யாராவது வென்றாலும் உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். ஊர் ஒற்றுமை என்றுதான் அதற்கும் பெயர். ஒரு சாதி முடிவு செய்ய, மற்றவர்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்தவர்கள் யார் என்று யோசியுங்கள்.

'பெற்றோர்' என்ற சொல்லும் சாதி கடந்ததல்ல. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று தடுத்தது யார்? அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஊராரும்தான். அதிகாரிகள் முதலில் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அப்படிப்பட்ட பெற்றோர் மட்டும் குழுவை நிரப்பினால், முக்கால் பங்கு என்பது யாருக்கு அதிகாரம்? அதனால்தான் எந்தப் பெற்றோர் என்று கேட்கிறோம்.

இன்னொன்று. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பெற்றோர் புகார் கொடுத்த பிறகுதான் அது வெளியே வந்தது. நான் படித்தது வேறொரு ஊரில். அங்கே வகுப்பைப் பெருக்க எப்போதும் எங்கள் தெருப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். என் அம்மாவுக்குக் கோபம் இருந்தது. எங்கே போய்க் கேட்பது என்று தெரியாது. இன்று கேட்பதற்கு ஓர் இடம் சட்டப்படி இருக்கிறது. அதில் நாம் உட்காராமல் இருக்கலாமா?

இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனதும் பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை முதலில் வகுப்புக்கு வராது, பிறகு பள்ளிக்கே போகாது. பெரிய வகுப்புக்குப் போகும் முன்பே மாப்பிள்ளை பேச்சு வந்த பெண் பிள்ளைகளையும் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. நம் தர்மபுரி மாவட்டம் 68.5, மாநிலத்திலேயே கடைசி. அந்தக் கடைசி எண்ணுக்குள் எந்தத் தெருக்கள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும்.

நான் செய்ய நினைப்பது மூன்று. ஒன்று, ஒவ்வொரு கூட்டத்தின் வரவு செலவும் தீர்மானமும் காலனியில் சத்தமாக வாசிக்கப்படும். இரண்டு, பள்ளியில் பெருக்குவது, தண்ணீர் எடுப்பது, பந்தியில் உட்காருவது எதிலும் தெரு பார்க்கக் கூடாது என்பதைத் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேட்பேன். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கும் பொறுப்பை அரசின் மேல் வைத்திருக்கிறது. மூன்று, பத்து நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குக் குழுவிலிருந்து இரண்டு பேர் போவார்கள். அந்த வீடு ஊரில் இருந்தாலும் சரி, காலனியில் இருந்தாலும் சரி.

தம்பிகள் சிலர் கேட்கிறார்கள்: "அக்கா, இந்தக் குழுவில் போய் உட்கார்ந்தால் சாதி ஒழிந்துவிடுமா?" ஒழியாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் உடன் படித்த மாணவர்களே தலித் மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. பரிந்துரை தானாக வகுப்பறைக்குள் நடந்து வராது. உள்ளே இருந்து கேட்க ஆள் வேண்டும்.

2012 நவம்பர் 7ஆம் தேதி நம் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. வீட்டோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. நம் படிப்பு யார் கண்ணை உறுத்துகிறது என்று அன்றே தெரிந்தது.

அதனால் கேட்கிறேன். குழு அமைக்கும் நாளில் ஒரு வேளைக் கூலி போனாலும் வாருங்கள். பெயர்ப் பட்டியல் வாசித்தால், "வேறு பெயரும் இருக்கிறது" என்று எழுந்து சொல்லுங்கள். என்னைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை. இங்கே இருக்கிற எந்த அக்கா நின்றாலும் அவருக்கு நான் கை தூக்குவேன். ஆனால் நம் இடத்துக்கு யார் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும்.

ஜெய் பீம்.