வீட்டுத் தோட்டத்திற்கு எந்த வேலி?



வீட்டுப் பக்கத்தில் நாலு வெண்டை, கொஞ்சம் மிளகாய், ஒரு பந்தல் அவரை என்று பயிர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு வேலி ஒரு தீராத கவலை. மாலையில் தண்ணீர் ஊற்றி வைத்த நாற்றை, மறுநாள் காலையில் பெரட்டுக்குப் புறப்படும்போது பார்த்தால் கோழி கிளறிப் போட்டிருக்கும். வேலி வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்த வேலி என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். பக்கத்து வீட்டில் கம்பி வலை கட்டினால் நாமும் கம்பி வலை. எங்கேயோ நாலு பழைய தகரம் கிடைத்தால் தகர வேலி. இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது.

கடைக்குப் போய் விலை கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு நாம் விடை காண வேண்டும். எதைத் தடுப்பதற்கு இந்த வேலி? இந்த இடத்தில் நாம் எத்தனை காலம் இருப்போம்? வேலிக்கு அந்தப் பக்கம் வாழ்கிறவர் யார்?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரம் காலையில் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள். மண் மேலாகக் கீறப்பட்டிருந்தால் கோழி. இலையும் கொழுந்தும் கடிபட்டிருந்தால் ஆடு. செடி மிதிபட்டு, குளம்புத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் மாடு. இரவோடு இரவாக மண் புரட்டப்பட்டு, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் காணாமற்போயிருந்தால் காட்டுப்பன்றி. உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தேடி வரும் பன்றி, அப்படியே நம் கிழங்குப் பாத்திக்கும் வந்துவிடும். குரங்கோ எந்த வேலியையும் ஏறித் தாண்டும். அதை நினைத்து வேலிக்குச் செலவு செய்வது வீண்.

கோழிக்கு 1 அங்குலக் கண் உள்ள கம்பி வலை போதும். 5 அடி உயரம் இருக்க வேண்டும். அடிப்பக்கம் அரையடி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மாட்டுக்கு வலை உதவாது. உறுதியான கம்பமும் குறுக்குக் கட்டையும் வேண்டும். பன்றிக்கு உயரம் பெரிதல்ல, அடிப்பக்கத்தின் பலமே முக்கியம்.

இரண்டாவது கேள்வி சற்று மனத்தை வருத்தும் கேள்வி. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பல தோட்டங்களில் நாம் குடியிருக்கும் வீடு நிர்வாகத்தின் வீடு. வேலை முடிந்தால், அல்லது நிலம் கைமாறினால், வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய நிலை வரும். தாத்தா காலத்திலிருந்து இருந்த இடமாயிற்றே என்று எண்ணிச் சிமெண்டுக் கம்பமும் இரும்புக் கம்பியுமாக வேலி போட்டவர்கள், புறப்படும் நாளில் அவற்றைப் பெயர்க்கவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் நின்றதை நாங்கள் கண்டிருக்கிறோம். பிள்ளையின் படிப்புக்கு உதவியிருக்க வேண்டிய பணம் அது.

ஆகவே, சொந்த நிலம் இல்லாதவர்கள் சுருட்டி எடுத்துப் போகக்கூடிய வேலியையோ, ஒரு கிளையை ஒடித்துப் போய் அடுத்த இடத்திலும் நடக்கூடிய வேலியையோ தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. எந்த வேலியானாலும், குழி தோண்டுவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இனி, நம் கைக்கு எட்டும் வேலி வகைகளைப் பார்ப்போம்.

மூங்கில் வேலி மலிவானது, பார்வைக்கும் அழகானது. ஆனால் மண்ணில் ஊன்றிய மூங்கில் ஓரிரு ஆண்டுகளில் உளுத்துவிடும். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் ஓடும் நீரில் ஊறப் போட்டு, நிழலில் காயவைத்துப் பயன்படுத்தினால் வண்டு துளைப்பது குறையும். இன்னொன்றை மறக்கக் கூடாது. மூங்கிலின் மேல்முனையைக் கணுவுக்குச் சற்று மேலே, குழிவு இல்லாதபடி வெட்ட வேண்டும். கணுவிலிருந்து தள்ளி வெட்டினால் முனை ஒரு குவளை போலாகி மழைநீரைத் தேக்கும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு குவளை நீரே போதும். ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். வேலியோரம் பழைய டயர்களை அடுக்கி வைப்பவர்களுக்கும் இதையே சொல்வோம். கொசு வளர இடங்கொடுப்பவர்களுக்கு அபராதம் விதிக்க 1975ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அபராதத்தைவிடக் காய்ச்சல் கொடியது.

பால்மரக் கட்டையைக் கம்பமாக நடுவது வழக்கம். மருந்தேற்றாத பால்மரம் ஈரமண்ணில் விரைவில் உளுத்துக் கறையானுக்கு இரையாகும். சில மாதங்களுக்கு மட்டும் வேண்டுமானால் நடலாம். நம்பி வலை கட்ட முடியாது.

தகர வேலி காற்றை மறைக்கும், வெயிலில் கொதிக்கும், விளிம்பு கையைக் கிழிக்கும். அதன் பின்னால் விளையாடும் குழந்தை தாயின் கண்ணுக்குத் தெரியாது. முள்கம்பி மாட்டைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் பந்தை விரட்டி ஓடும் இடத்தில் அது அவர்களின் முகத்திற்கும் கண்ணிற்கும் நேராக நிற்கும். வரிசை வீடுகளுக்கு இடையே முள்கம்பி வேண்டாம்.

உயிர்வேலிதான் தோட்டத்துக் குடும்பங்களுக்கு மிகவும் ஏற்றது என்பது எங்கள் கருத்து. உயிருள்ள செடிகளையே வேலியாக வளர்ப்பதைத்தான் உயிர்வேலி என்கிறோம். கொக்கோவுக்கு நிழல் தரும் கிளிரிசிடியா மரத்தில் மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளை 6 அடி நீளத்திற்கு வெட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் நட்டால் வேர்விட்டுத் தழைக்கும். நாள் செல்லச் செல்ல உறுதிப்படும் கம்பம் இது ஒன்றுதான். இந்தக் கம்பங்களுக்கு இடையே செம்பருத்தியை ஓரடிக்கு ஒன்றாக நடலாம். பென்சில் பருமனுள்ள குச்சியை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டிப் பாதியை மண்ணில் சாய்த்து ஊன்றினால் போதும். ஆடு வரும் பக்கம் மட்டும் செம்பருத்தி வேண்டாம். அது ஆட்டுக்கு விருந்து. அந்தப் பக்கத்தில் மூங்கில் பிளாச்சுகளை நெருக்கமாகக் கட்டுங்கள்.

சமையலறைப் பக்கத்திற்கு, மலாய்க்காரர்கள் சேகூர் மானிஸ் என்றும் நம்மவர் தவசிக்கீரை என்றும் சொல்லும் செடியை வைக்கலாம். வேலியைக் கத்தரிக்கும்போதெல்லாம் கறிக்குக் கீரை கிடைக்கும். அதைச் சமைத்தே உண்ண வேண்டும். பச்சையாகச் சாறு பிழிந்து குடிப்பது நுரையீரலுக்குக் கேடு. மூலையில் ஒரு முருங்கை நிற்கட்டும். ஆனால் முருங்கை மெத்தென்ற மரம், அதில் கம்பியை இழுத்துக் கட்டாதீர்கள்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியையும் காட்டாமணக்கையும் வேலியாக வைக்கக் கூடாது. ஆடுமாடு தொடாது என்று பலர் நடுகிறார்கள். ஆடுமாடு தொடாததைக் குழந்தை தொடும். காட்டாமணக்கு விதையைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அரளியின் நஞ்சு இதயத்தையே தாக்கும்.

உயிர்வேலியை மழை தொடங்கும்போது நட வேண்டும். மேற்குக் கரையில் உள்ளவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் நல்லவை. வேலி அடர்த்தியாக ஓராண்டு ஆகலாம். அதுவரை கோழிக்குத் தற்காலிக வலை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். வேலி அடர்ந்ததும் அதைச் சுருட்டி வைத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். காட்டுப்பன்றியின் தொல்லை தாங்காமல், வீட்டு மின்சாரத்தை ஒரு கம்பியில் இழுத்து வேலியில் விடுகிறவர்கள் உண்டு. இது சட்டப்படி குற்றம். அதைவிட, கொலைக்கு ஒப்பானது. கடையில் விற்கும் முறையான மின்வேலிக் கருவி, நொடிக்கு ஒரு முறை போல, கண் இமைக்கும் நேரத்திற்கும் குறைவாக மின்சாரத்தை விட்டு நிறுத்தும். தொட்டவர் அதிர்ந்து கையை எடுத்துவிடலாம். அதையும் உரிய அனுமதி பெற்று, தெரிந்தவரைக் கொண்டே அமைக்க வேண்டும். வீட்டு மின்சாரமோ தொடர்ந்து பாயும். தசை இறுகிக் கை கம்பியைப் பற்றிக்கொள்ளும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவர் தப்புவது அரிது. நம் நாட்டில் இப்படிப் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறவர், பந்தெடுக்க வரும் பிள்ளை, வேலியை மறந்த வீட்டுக்காரர் ஆகியோர் எல்லாரும் அந்தக் கம்பிக்கு ஒன்றுதான். வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான். ஒரு பாத்திக் கிழங்கு போனால் மறுபடி நடலாம்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம் அண்டை வீட்டுக்காரர். நம் வீட்டில் பிள்ளை பிறந்தால் வெந்நீர் வைக்க வருகிறவரும், சாவு விழுந்தால் முதலில் ஓடி வருகிறவரும் அவர்தாம். ஓரடி மண்ணுக்காகப் பேச்சு நின்றுபோன குடும்பங்களின் பிள்ளைகள், பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார மறுப்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். ஆகவே, கயிறு பிடித்துக் கோடு போடுவதற்கு முன், "அக்கா, அடுத்த வாரம் வேலி கட்டப்போகிறோம். இந்த இடத்தில் கட்டினால் உங்களுக்குச் சரிதானே?" என்று கேளுங்கள். சாக்கடையைச் சுத்தம் செய்ய வழி விடுங்கள். உங்கள் செடி அவர் பக்கம் சாய்ந்தால் நீங்களே போய்க் கத்தரித்துக் கொடுங்கள். தவசிக்கீரையை அந்தப் பக்கத்திலிருந்தும் பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தானும் பறித்து உண்ணும் வேலியை யாரும் உடைக்க மாட்டார்கள்.

இந்த வார ஓய்வு நாளில் குடும்பமாகத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். தடங்களைப் பாருங்கள், பக்கத்து வீட்டில் பேசுங்கள், அதன் பிறகு பாராங்கத்தியை எடுங்கள்.