தொலைபேசியும் ஒரு தொழிற்கருவியே



சோற்றுக்கே வழியில்லாத ஏழைக்குத் தொலைபேசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வங்காளதேசத்தின் இக்பால் காதிர் அதற்குச் செயலால் விடை சொன்னார்.

1971 போர்க்காலத்தில், சிறுவனான அவர் உடன்பிறப்புக்கு மருந்து வாங்க வேற்றூருக்குப் பாதி நாள் நடந்தார். மருந்துக்காரர் அங்கில்லை. வெறுங்கையோடு திரும்பினார். பின்னாளில் நியூயார்க்கில் வேலை பார்த்தபோது, ஒருநாள் கணினித் தொடர்பு அறுந்து வேலை முடங்கியது. பழைய நடை நினைவுக்கு வந்தது. தொடர்பில்லாத இடத்தில் உழைப்பு வீணாகிறது என்பதை உணர்ந்தார்.

தாயகம் சென்று, கிராமீன் வங்கியையும் நார்வேயின் டெலினார் நிறுவனத்தையும் இம்முயற்சியில் இணைத்தார். 1997 மார்ச் 26-இல் கிராமீன்போன் சேவை தொடங்கியது.

கிராமத்துப் பெண்களுக்கு வங்கி கடன் கொடுத்தது. அவர்கள் கைத்தொலைபேசி வாங்கி, ஊராரைப் பேசவிட்டுக் கட்டணம் பெற்றார்கள். விவசாயி சந்தை விலையை அறிந்தார். வெளிநாட்டில் உழைக்கும் மகனின் குரலைத் தாய் கேட்டார். கடன் தவணை போக மிஞ்சியது அந்தப் பெண்ணின் வருமானம்.

ஆனால், வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி வந்ததும் அந்த வருமானம் கரைந்தது. இதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நம் இயக்கங்கள் தனித்து வாழும் தாய்மார்களுக்குத் தையல் இயந்திரமும் கணினியும் வழங்குகின்றன. பாராட்டுவோம். ஆனால், கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு கடமை முடிவதில்லை. அதைக்கொண்டு எப்படிச் சம்பாதிப்பது, அந்தத் தொழில் நலிந்தால் அடுத்து எதற்கு மாறுவது என்பதையும் சொல்லிக்கொடுத்தால்தான் உதவி முழுமை பெறும்.

சிந்திப்போம்.