கர்ப்பிணிகளும் நீர்த் தேகாப்பியாசமும்

(நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நம் குடும்பங்களில் ஒரு பெண் கர்ப்பவதியானால், "அசையாதே, படுத்திரு" என்பதே முதல் உபதேசம். அன்பினால் சொல்வதாயினும் அஃது எப்போதும் நன்மை பயப்பதன்று. யானும் என் மூத்த மகளை அவ்விதமே நடத்தினேன். ஏழாம் மாதத்தில் இடுப்பு வலியால் உறக்கமின்றி அவள் பட்ட பாடு இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. இளையவளுக்கு அக்காலம் வந்தபோது வைத்தியரைக் கேட்டேன். பரிசோதித்தபின், நீரில் நடக்கச் செய்யுமாறு கூறினார்.

இதன் காரணம் எளிது. இடுப்பளவு நீரில் நிற்பவளுக்குத் தேகபாரம் ஏறக்குறையப் பாதியாகும். மார்பளவு நீரில் மூன்றிலொரு பங்கே கால்கள் தாங்கும். மூட்டுகள் இளைப்பாறும். நீரின் அழுத்தத்தால் கால் வீக்கமும் தணியும்.

சுவீடன் தேசத்தில் 390 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சி 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தரையில் அப்பியாசம் செய்தவர்களைவிட நீரில் செய்தவர்களுக்கு இடுப்பு வலி குறைவென்று அதில் கண்டனர். உலக சுகாதார ஸ்தாபனமும் 2020-இல், தடையேதுமில்லாத கர்ப்பிணிகள் வாரத்திற்கு 150 நிமிஷமேனும் மிதமான தேகாப்பியாசம் செய்தல் வேண்டுமென்று கூறியுள்ளது.

செய்முறையும் கடினமன்று. கைப்பிடியருகே முன்னும் பின்னும் நடத்தல், முழங்காலை மெல்ல உயர்த்துதல், கைகளால் நீரைத் தள்ளுதல் ஆகியவையே போதும். பேச இயலாதபடி மூச்சு வாங்கலாகாது. மூச்சை அடக்கலும், குதித்தலும் கூடா. நீரின் சூடு 32 பாகைக்கு மேற்படாதிருத்தல் நலம். பாசி படிந்த குளத்துப்படியும் கிணறும் இதற்கு ஏற்றவையல்ல. சுத்தமான நீச்சற் குளமே தக்கது. துணையின்றி இறங்கலாகாது.

வைத்தியர் அனுமதி முதற்கண் வேண்டும். உதிரப்போக்கு, நீர்க்கசிவு, மயக்கம், மார்வலி, அடிக்கடி வயிறு இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே கரையேறி வைத்தியரை நாடுக.

என் இளைய மகள் ஒன்பதாம் மாதம் வரை இவ்வாறு நடந்தாள். வலி முற்றும் நீங்கிற்றென்று சொல்லேன், ஆயினும் இரவில் உறங்கினாள். மூத்தவளோ, "அம்மா, எனக்கு ஏன் அன்று இதைச் சொல்லவில்லை?" என்றாள். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நம் பெண்கள் செல்லத் தயங்குவது பெரும்பாலும் கூச்சத்தினாலும் துணையில்லாமையாலுமே. ஆதலின், வாரத்தில் இரு நாள் மாதருக்கென ஒரு குளத்தை அமர்த்தி, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையையும் நம் சங்கத்தார் நியமித்தல் வேண்டுமென்று பிரார்த்தித்து, என் சிற்றுரையை முடிக்கின்றேன்.