கண் எரிந்தது, காது கேட்கவில்லை!

(ஆலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

நாடகமேடை தந்த நாவைத் தவிர வேறு செல்வம் இல்லாதவன் நான். கல்லூரிக்குள் நுழைந்தேன், பட்டம் பெறாமலே வெளியே வந்தேன். இவனா நமக்கு ஆலைப் பாதுகாப்பைப் பற்றி எடுத்துரைப்பது என்று எவரேனும் எண்ணினால், நான் வருந்தப்போவதில்லை. பட்டமில்லாதவன் பேச்சைக் கேட்பதா என்ற அந்த எண்ணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் நாடகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அரசவைக் காட்சி. மன்னன் வேடம் எனக்கு. திரை இழுக்கும் தம்பி பக்கத்தட்டியின் மறைவிலே வந்து நின்று, "அண்ணே, மேல் கயிறு நைந்து கிடக்கிறது, விளக்குக் கட்டை இறங்கிவிடும் போலிருக்கிறது" என்றான். முடிசூடிய தலையல்லவா! "காட்சி முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். காட்சி முடியவில்லை, கயிறு முடிந்துவிட்டது! சிம்மாசனத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டை விழுந்ததால், இன்று உங்கள்முன் நின்று பேசுகிறேன். வசனம் எழுதிய எனக்குத் தெரியாதது, கயிறு பிடித்தவனுக்குத் தெரிந்திருந்தது.

என் கதை ஒரு முழத்தில் தப்பியது. தப்பாத கதை ஒன்று உண்டு. அதன் பெயர் போபால்.

1984 டிசம்பர் 2. இரவு. யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலை. 610 என்று எண்ணிட்ட தொட்டியிலே மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சு நீர்மம். அதிலே தண்ணீர் புகுந்துவிட்டது. எப்படிப் புகுந்தது என்பதிலே நிறுவனம் ஒன்று சொல்லிற்று. தொழிலாளர் வேறு சொன்னார்கள். புகுந்த பிறகு நடந்ததிலே ஐயமில்லை. இரவு முறையினர் வேலைக்கு வந்திருந்த வேளை. அழுத்தமானியின் முள் ஏறியிருந்தது. பழுதுபட்ட கருவிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 11.30 மணி அளவில் தொழிலாளருக்குக் கண் எரிந்தது, கண்ணீர் வடிந்தது. கசிவு இருக்கிறது என்று மேற்பார்வையாளருக்குச் சொன்னார்கள். தேநீர் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று!

காட்சி முடியட்டும் என்றேன் நான். தேநீர் முடியட்டும் என்றார்கள் அங்கே. நள்ளிரவு கடந்ததும் முள் எல்லையைத் தாண்டிற்று. ஏறத்தாழ 40 டன் நஞ்சு, உறங்கிக்கொண்டிருந்த ஊரின்மீது கவிந்தது. மத்தியப் பிரதேச அரசு ஒப்புக்கொண்ட சாவு 3,787. நோயுற்று, நொந்து, பின்னர் மாண்டவரையும் சேர்த்துக் கணக்கிடுவோர் பல்லாயிரம் என்கின்றனர்.

பழியை அந்தத் தேநீர்க் கோப்பையின்மீது போட்டுவிட்டுப் போய்விடலாமா? கூடாது தோழர்களே, கூடாது! நஞ்சைக் குளிரவைக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரம், குழாய் ஒன்று கழற்றப்பட்டதால் பயனற்று நின்றது. வாயுவைக் கழுவி நஞ்சு நீக்கும் கலம் இயக்கமின்றி இருந்தது. அந்தப் பிரிவிலே ஒரு முறைக்கு 12 பேர் வேலை செய்த இடத்தில் 6 பேர். செலவைக் குறைத்தார்கள்; ஆளைக் குறைத்தார்கள்; காவலைக் குறைத்தார்கள். கடைசியில் குறைந்தது மனித உயிர்!

இந்த ஆபத்து எவருக்கும் தெரியாதா? தெரியும். 1981 டிசம்பரிலே அதே ஆலையில் பாஸ்ஜீன் என்ற வாயு தாக்கி ஒரு தொழிலாளி மாண்டார். தொழிற்சங்கத்தார் முறையிட்டனர், 1982-இல் சுவரொட்டி ஒட்டி ஊரையே எச்சரித்தனர். அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி எனும் செய்தியாளர், ஊர் எரிமலையின் வாயில் இருக்கிறது என்று தம் ஏட்டிலே எழுதினார். யார் கேட்டார்? குழாயைத் துடைப்பவனுக்குக் குழாயைப் பற்றி என்ன தெரியும் என்ற இறுமாப்பு, காதை அடைத்துக்கொண்டிருந்தது. கையேடுகளோ ஆங்கிலத்தில்! வேலை செய்தவர்களோ இந்தி பேசும் மக்கள். நஞ்சு எல்லா மொழியாரையும் கொல்லும்; எச்சரிக்கை மட்டும் ஒரே மொழியிலே!

பொறியாளரின் அறிவு வேண்டாம் என்று சொல்ல வந்தேனில்லை. அந்த அறிவு மட்டும் போதாது என்கிறேன். 1988 ஜூலை 6. பிரிட்டனை அடுத்த வடகடலிலே பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. பகல் முறையினர் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தனர். அந்தச் செய்தி இரவு முறையினரின் காதுக்கு எட்டவில்லை. பம்பை ஓட்டினர், வாயு வெடித்தது, 167 பேர் மாண்டனர். படித்தவர் இல்லையா? இருந்தனர். எழுதிய சீட்டு இல்லையா? இருந்தது. ஒருவன் அறிந்ததை மற்றவனிடம் கொண்டுசேர்க்கும் பாலம்தான் இல்லை. கடல்மேடைத் தொழிலாளர் தம் பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் விதியை 1989-இல் பிரிட்டன் செய்தது.

நம் நாட்டிலே? போபாலின் பிணக்குவியலுக்குப் பின்னர், 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடக்கும் ஆலை ஒவ்வொன்றிலும் பாதுகாப்புக் குழு அமைத்தே தீரவேண்டும். அதில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இருக்கவேண்டும். ஆபத்து நெருங்கினால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றெல்லாம் அது கூறிற்று. 2025 நவம்பர் 21-இல், அதன் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்தது. எச்சரிக்கும் உரிமை அதிலும் உண்டு. குழுவில் தொழிலாளர் தொகை நிர்வாகத்தாரைவிடக் குறையலாகாது என்று அதுவும் சொல்கிறது. ஆனால், குழு அமைக்கும்படி அரசு ஆணையிடலாம் என்கிறது. 'வேண்டும்' இருந்த இடத்திலே 'லாம்'! இரண்டே எழுத்துத்தான், தோழர்களே! அதன் இடுக்கிலே ஓர் ஊரே புதைந்துபோகக்கூடும்.

ஆகவே, ஏட்டிலே இருப்பதை நாட்டிலே நடத்திக்காட்டும் பொறுப்பு நம்முடையது. உங்கள் ஆலையிலே குழு இருக்கிறதா? இருந்தால் கூடுகிறதா? கூடினால் பேசுவது யார்? நூலிழையில் தப்பிய விபத்தை வந்து சொன்னவனுக்குக் கிடைப்பது பாராட்டா, மெமோவா? வாயு நாற்றம் வந்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் துணிவு ஒப்பந்தத் தொழிலாளிக்கு உண்டா? துப்புரவு செய்யும் தாய்க்கு, ஆபத்து வந்தால் எந்த வாசல் வழியே ஓடவேண்டும் என்று எவரேனும் சொல்லியிருக்கிறார்களா? கேளுங்கள். கேட்டுவிட்டு நம்மையும் கேட்டுக்கொள்வோம்: "ஒன்றும் ஆகாது, போடா" என்று சக தொழிலாளியை நாமே எத்தனை முறை வாயடைத்திருக்கிறோம்!

இன்னொன்று, சற்றுக் கசக்கும். நம் பக்கத்திலே நின்று வேலை செய்கிறானே பீகார்த் தோழன், ஒடிசாத் தோழன், அவன் மொழியிலே எச்சரிக்கைப் பலகை உண்டா? தாய்மொழியின் அருமை அறிந்த நாம்தான் அதை முதலில் கேட்கவேண்டும். போபாலின் பாட்டாளிக்கு ஆங்கிலக் கையேடு இழைத்த தீங்கை, இங்கே வந்த பாட்டாளிக்குத் தமிழ்ப் பலகை இழைக்க விடலாகாது.

மேலாளர் கணக்கை அறிவார். பொறியாளர் கருவியை அறிவார். மேஸ்திரி ஆளை அறிவார். குழாயருகே நிற்பவன் குழாயின் மூச்சை அறிவான். நான்கு அறிவும் ஒரே மேசையிலே கூடினால் அதற்குப் பெயர் பாதுகாப்பு. ஓர் அறிவு மட்டும் நாற்காலியிலே அமர்ந்து, மற்றவை கைகட்டி நின்றால், அதற்குப் பெயர் போபால்.

அன்று கயிறு பிடித்த தம்பி இன்றும் என் குழுவிலே இருக்கிறான். ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் மேலே ஏறிப் பார்க்கிறான். அவன் "ஆகட்டும், அண்ணே" என்று சொன்ன பிறகே திரை உயரும். அதுவரை மன்னன் காத்திருக்கிறான்.

உங்கள் ஆலையின் மன்னர்களையும் காத்திருக்கச் செய்யுங்கள்!