முதுமையில் கால் வலிமை

(கள்ளக்குறிச்சி வட்டாரத்தில், கல்வராயன் மலை அடிவாரக் கிராமமொன்றில் முதியோரிடையே நிகழ்த்திய உரை)



வீட்டில் முதியவர் ஒருவர் எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால், "நீங்கள் சும்மா உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மக்களும் மருமக்களும் தடுப்பது நம் நாட்டு வழக்கம். அன்பினால் சொல்லும் சொல்தான். அதில் குற்றம் காண்பது முறையன்று என்றும் தோன்றும். ஆயினும் அந்த அன்பே முதியோரின் கால்களை நாளடைவில் வலுவிழக்கச் செய்துவிடுகிறது. அதனை எடுத்துச் சொல்லவே நாம் இன்று இங்கு வந்திருக்கிறோம்.

முன்னாளில் நம் பக்கத்தில் தேகப் பயிற்சி என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை. கவலை இறைத்தவர் காளைகளோடு சரிவில் முன்னும் பின்னுமாக நடந்தார். உலக்கையும் திருகையும் பெண்களின் தோளுக்கும் கைக்கும் ஓயாத வேலை கொடுத்தன. மலைமீது வாழும் மலையாளி மக்கள் சாமையும் தினையும் விளைவித்து, கடுக்காயும் புளியும் சுமந்து சந்தைக்கு இறங்கினர். உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறினர். இன்று பம்பு செட்டு நீர் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, கிரைண்டர் அரைக்கிறது, வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறுகிறது. தெருக்கோடித் தேநீர்க் கடைக்குக்கூட மோட்டார் சைக்கிள் போகிறது!

பழங்காலமே பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. கல்வராயன் மலை 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தாரர்களின் ஆதிக்கத்தில் இருந்தது. மலைமக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைக்க நேர்ந்தது. அவ்வுழைப்பைத் தேகப் பயிற்சி என்று புகழ்பவர் அதனைச் செய்து பார்த்தவராக இருக்கமாட்டார். சமவெளியிலும் அப்படியே. நாளெல்லாம் குனிந்து கரும்பு வெட்டியவரின் இடுப்பையும், ஆயுள் முழுதும் தலைச்சுமை தூக்கிய அம்மையாரின் முழங்காலையும் பார்த்தால், உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பது விளங்கும். உழைப்பு ஒரே உறுப்பை ஓயாது தேய்க்கிறது. பயிற்சி எல்லா உறுப்புகளுக்கும் அளவோடு வேலை கொடுத்து, இடையே ஓய்வும் தருகிறது. சாலையும் பேருந்தும் வந்தது நன்மையே. அவை வந்தபின் கால்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதே கேள்வி.

முப்பது வயதைத் தாண்டியபின் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறையும் என்றும், அறுபதுக்கு மேல் இத்தேய்வு விரைவுபடும் என்றும் மருத்துவ நூலோர் கூறுவர். முதலில் மெலிவது தொடை. தொடை மெலிந்தால் தரையிலிருந்து எழ ஒரு கை ஊன்ற வேண்டும். பிறகு இரு கையும் வேண்டும். பிறகு ஒரு நாள் குளியலறையில் சறுக்கி விழுகிறோம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் மீண்டும் பழையபடி நடப்பதில்லை. கள்ளக்குறிச்சியில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது உண்மையே. ஆனால் மலையின் உட்கிராமத்தில் இரவில் விழுந்தவர் அங்கு வந்து சேர எத்தனை வளைவுகளில் இறங்க வேண்டும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இலண்டன் நகரப் பேருந்துகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1953ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் செய்தது. அப்பேருந்துகள் மாடி உடையவை. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே பாதை. எனினும் மாரடைப்பு நடத்துநர்களிடம் குறைவாகவே காணப்பட்டது. தினந்தோறும் ஏறிய படிகளே அதற்குப் பெரும் காரணம் என்று அவர் கருதினார்.

"எனக்கு எழுபதாயிற்று, இனி என்ன பயிற்சி?" என்று கேட்போர் இங்கும் உண்டு. அவர்களுக்கு இன்னொரு செய்தி சொல்வோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் ஏறத்தாழத் தொண்ணூறு வயதுடைய சிலருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்தனர். 1990ஆம் ஆண்டு அதன் முடிவு வெளிவந்தது. தொடர்ந்து செய்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடிற்று. இருவர் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டனர். தொண்ணூறிலும் தசை வளர மறுக்கவில்லை!

செய்ய வேண்டியது எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுரைப்படி, 65 வயதைக் கடந்தவர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்க வேண்டும்; இரண்டு நாள் தசை வலிமைப் பயிற்சியும், மூன்று நாள் தள்ளாடாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும். நம் அரசு 2023ஆம் ஆண்டு தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் 8 கிலோமீட்டர் நடைபாதை மாவட்டந்தோறும் குறிக்கப்பட்டது. எட்டு என்றதும் மலைக்க வேண்டாம். நமக்கு ஏரிக்கரை இருக்கிறது. பத்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும். அதுவே சரியான வேகம்.

நடை மட்டும் போதாது. இதனைப் பலர் அறிவதில்லை. சுவரையொட்டிப் போட்ட நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமல் எழுந்து மெல்ல உட்காருங்கள். பத்து முறை செய்து, இளைப்பாறி மீண்டும் பத்து முறை. ஒரு லிட்டர் நீர் நிரப்பிய புட்டியைக் கைக்கொன்றாகப் பிடித்து உயர்த்தி இறக்கலாம். திண்ணைத் தூணைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று, பிறகு கால் மாற்றுங்கள். செலவு ஒரு காசும் இல்லை. உணவில் மட்டும் பயறு, கொள்ளு, நிலக்கடலை, இயன்றவர்க்கு முட்டை என ஏதேனும் தினமும் சேரட்டும். வெறுஞ் சோற்றால் தசை வளராது.

மலையில் இறங்கும்போது ஏற்றத்தைவிட முழங்காலுக்குப் பாரம் அதிகம். தடி வைத்திருப்போர் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் அதனைப் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலோடு நடத்தல் கூடாது. சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ கொள்பவர் மடியில் ஒரு துண்டு வெல்லம் வைத்துக்கொள்க. வெயிலேறுமுன் நடையை முடித்துவிட வேண்டும். மார்பு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு முட்டினாலோ அங்கேயே அமர்ந்துவிடுங்கள். பிறகு தாமதமின்றி வைத்தியரைக் காணுங்கள். படுக்கையோடு கிடப்பவரைக் கைவிட வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆடவர் காலையில் நடந்தால் ஆரோக்கியம் என்கிறோம், அறுபது வயது அம்மையார் ஒருவர் வேலையின்றிச் சாலையில் நடந்தால், "எங்கே கிளம்பிவிட்டார்?" என்று ஊர் கேட்கிறது. வீட்டு வேலையே போதும் என்பாரும் உண்டு. அடுப்படியில் நிற்பது நடையாகாது. நாலைந்து பேராகச் சேர்ந்து புறப்படுங்கள்; கூட்டமாகப் போனால் கேட்கும் வாய் அடங்கும்.

போதும், பேச்சு நீண்டுவிட்டது. இப்போது நாற்காலியில் இருப்போர் யாவரும் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோம். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர்கிறீர்கள் என்று எண்ணுவோம். 65 முதல் 69 வயதுக்குள் ஆடவர் 12க்கும் பெண்டிர் 11க்கும் குறையாமல் எழ வேண்டும். குறைந்தால் விழும் அபாயம் உண்டென்று கொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர் பார்த்திருந்தால் போதும். இளைஞர்கள் நாற்காலி சாயாமல் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டாம்.