தண்டவாளம் போன பாதை

பின்னால் ஹாரன் சத்தம் கேட்காமல் நாள் முழுக்க சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? ஜெர்மனியின் ஆகன் நகரில் தொடங்கி, பெல்ஜியம் வழியாக, லக்சம்பர்க்கில் முடிகிற 125 கிலோமீட்டர் பாதையில் அது முடியும். பெயர் ஃபென்பான். ஃபென் என்றால் சதுப்பு நிலம், பான் என்றால் ரயில்பாதை.

ஆமாம், ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம்தான் அது. நீராவி எஞ்சினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் அன்றைக்கே மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண் கொட்டி, சீராகச் சமன் செய்துவிட்டார்கள். நூறு மீட்டர் போனால் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குமேல் ஏறாது. முழங்கால் வலிக்காரரும் தைரியமாக மிதிக்கலாம்.

இன்னொரு விசேஷம் கேளுங்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தத் தடம் பெல்ஜியத்துக்குப் போனது. சுற்றியிருந்த ஊர்கள் சில ஜெர்மனியிலேயே தங்கிவிட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகும் அந்த எல்லை மாறவில்லை. இன்றும் 5 ஜெர்மன் துண்டுகள் பாதைக்கு மேற்கே தனித்துக் கிடக்கின்றன. அதில் ஒன்று, ஒரே ஒரு வீடும் அதன் தோட்டமும்! அந்த வீட்டார் சொந்த நாட்டின் மற்ற பகுதிக்குப் போக, ரயில் தடத்தின் அகலமே உள்ள வேறொரு நாட்டைத் தாண்ட வேண்டும்.

லக்சம்பர்க் எல்லையருகே ஒரு பழைய சுரங்கம் வருகிறது. அதற்குள் மட்டும் சைக்கிளுக்கு அனுமதியில்லை. அங்கே வௌவால்கள் குடியிருக்கின்றன. அவற்றின் தூக்கம் கலையாதபடி, பாதையை மேலே சுற்றி விட்டிருக்கிறார்கள்.