மலைவழிக்கேற்ற குடும்ப வண்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேசுவதே மரபு. அம்மேடையில் நின்று மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச முற்படுகிறோம். ‘இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் வினவக்கூடும். தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தால்தான் தமிழ் வாழும். அக்குடும்பங்களின் பெருஞ்செலவுகளைப் பற்றி ஒன்றுகூடி எண்ணிப் பார்ப்பதும் சங்கத்தின் கடமையே ஆகும். நம் காலனியில் வீட்டுக்கு வீடு இன்று நடக்கும் பேச்சு, கார் வாங்குவதா, வாங்குவதாயின் எதை வாங்குவது என்பதுதான். ஆதலின் அதனையே பொருளாக எடுத்துக்கொண்டோம்.

நம் ஊரின் பெயரைப் பாருங்கள்: மாட்டுப்பட்டி. பெயரிலேயே மாடு நிற்கிறது. இப்பள்ளத்தாக்கில் முதலில் பாரம் இழுத்ததும் மாடுதான். 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் இட்டு, மாடுகளைப் பூட்டி வண்டிகளை இழுக்கச் செய்தனர். 1908-இல் அதன் இடத்தில் சிறு இரயில் வந்தது. மாட்டுப்பட்டி அதில் ஒரு நிலையம். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்துவிட்டது. பாதை போயிற்று, மக்கள் போகவில்லை. போடி மலையை நடந்தே ஏறி வந்த நம் முன்னோர் இங்கேயே நிலைத்தனர்.

பின்னர் வந்தது ஜீப்பு. மகிந்திரா நிறுவனத்தார் 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இந்நாட்டில் பூட்டத் தொடங்கினர். நம் மலையில் அது பல்லக்குமாயிற்று, பாரவண்டியுமாயிற்று. நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வலி கண்ட தாயை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் ஜீப்புதான். ஆனால் அது குடும்பத்தின் சொந்த வண்டியாக இல்லை. அம்பாசிடரும் பியட்டும் செல்வர் வீட்டுப் பொருள்களாகவே இருந்தன. 1983 டிசம்பர் 14-இல் மாருதி 800 என்னும் சிறு கார் 47,500 ரூபாய் விலையில் வெளிவந்த பிறகே நடுத்தரக் குடும்பம் ‘நமக்கும் ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியது. அன்று வண்டிக்காக மக்கள் காத்திருந்தனர். இன்றோ, நூறு வகை வண்டிகள் மக்களுக்காகக் காத்திருக்கின்றன. தேர்ந்தெடுக்கும் அறிவு அன்றைவிட இன்றே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

குடும்ப வண்டிக்கு மூன்று குணங்களை நாம் நாடுகிறோம். எல்லாரும் அமர இடம் வேண்டும். கைக்கு அடங்கிய விலை வேண்டும். ஓட்டுவதில் ஓர் இன்பமும் வேண்டும். இம்மூன்றும் ஒரே வண்டியில் முழுமையாகக் கிடைப்பது அரிது. இடம் பெருகினால் விலை பெருகும். விலையைச் சுருக்கினால் வேகமும் திறனும் சுருங்கும். ஆகவே எதை எவ்வளவு விட்டுக் கொடுப்பது என்பதே கேள்வி.

முதலில் இடத்தை எடுத்துக்கொள்வோம். வண்டி வாங்குமுன் ஒரு தாளை எடுத்து, ஆண்டின் 365 நாட்களில் எத்தனை நாள் எத்தனை பேர் அதில் ஏறுவர் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றாகவே இருக்கும். மூணாற்றுக் கடைவீதிக்கும் மருத்துவரிடத்துக்கும் போய்வருவது இரண்டு மூன்று பேர். பாட்டி, தாத்தா, பேரக் குழந்தைகள் உட்பட ஏழு பேர் ஏறுவது பொங்கலுக்கும், குலதெய்வக் கோயிலுக்கும், உறவினர் திருமணத்துக்குமே. அந்தச் சில நாட்களுக்காக ஆண்டு முழுவதும் பெரிய வண்டியைச் சுமப்பதா, அல்லது அந்நாட்களில் மட்டும் வாடகை ஜீப்பு ஒன்றை அமர்த்திக்கொள்வதா என்பதைக் கணக்குச் சொல்லும். 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் மீண்டும் இரயில் ஓடுகிறது. நீண்ட பயணத்தின் பாதிச் சுமையை இரயிலிடமே விட்டுவிடலாம்.

ஏழு பேர் வண்டியே வேண்டுமெனில் ஒன்றை மறவாதீர். ஏழு இருக்கை என்று எழுதியிருப்பது வேறு. ஏழு பேரும் அவர்தம் மூட்டைகளும் போவது வேறு. 2019-இல் வந்த ரெனோ டிரைபர் 4 மீட்டருக்குள் ஏழு இருக்கைகளை அடக்கிய திறமையான அமைப்பு. ஆனால் ஏழு பேரும் அமர்ந்தால் பின்னே சாமானுக்கு மிஞ்சும் இடம் 84 லிட்டர். கடைசி வரிசையைக் கழற்றி வைத்தால் அதுவே 625 லிட்டர் ஆகிறது. மாருதி எர்டிகா ஏறக்குறைய 4.4 மீட்டர் நீளம். அதில் ஏழு பேருக்குப் பின்னும் சில பைகளுக்கு இடமுண்டு. ஆயினும், குறுகிய எஸ்டேட் பாதையில் எதிரே லாரி வரும்போது நீளத்தின் விலையை ஓட்டுபவர் உணர்வார். மகிந்திரா பொலிரோ 4 மீட்டருக்குள் அமைந்த உறுதியான வண்டி; கரடுமுரடான பாதைக்கு ஏற்றது. ஆனால் அதன் கடைசி இருக்கைகள் பக்கவாட்டில் எதிரெதிரே அமைந்தவை. நெடுந்தொலைவு முதியோரை அங்கே அமர்த்துவது அறமன்று. எந்த வண்டியாயினும் பின் சக்கரத்துக்கு மேலும் பின்னுமாக அமர்பவருக்கே வளைவுகளில் ஆட்டம் மிகுதி. போடிமெட்டு இறக்கத்தில் குழந்தை வாந்தி எடுத்தால், குற்றம் குழந்தையினுடையதன்று. அது அமர்ந்த இடத்தினுடையது.

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், மெல்லிய மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்தை வைத்திருக்கிறார். ஏழு பேர், இரண்டு அரிசி மூட்டை, ஒரு பலாப்பழம் என்று ஏற்றும்போது நாம் நினைக்க வேண்டியது அதுவே.

இரண்டாவது பணம். விலைப்பட்டியலில் உள்ள எண் வண்டியின் விலையன்று. சாலை வரியும் காப்புறுதியும் அதனோடு சேரும். டயரும், எண்ணெயும், பழுதுபார்ப்பும் ஆண்டுதோறும் தொடரும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி மாற்றியமைக்கப்பட்டது. 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்டு, பெட்ரோலாயின் 1200 சி.சி., டீசலாயின் 1500 சி.சி. அளவுக்கு மிகாத கார்களுக்கு 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. டிரைபரும் பொலிரோவும் முதல் வகை. எர்டிகா இரண்டாம் வகை. நீளத்தில் ஒரு முழம் கூடினாலும் வரியில் எவ்வளவு கூடுகிறது பாருங்கள்!

கடனைப் பற்றியும் ஒரு சொல். 6 இலட்சம் ரூபாயை நூற்றுக்கு 9 வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறக்குறைய 12,450 ரூபாய். ஏழாண்டுக் கடனாகப் பெற்றால் ஏறக்குறைய 9,650. ‘மாதம் 2,800 குறைகிறதே’ என்று விற்பனையாளர் இனிக்கப் பேசுவார். முடிவில் கூட்டிப் பார்த்தால் ஏழாண்டுக் கடனுக்கு 60,000 ரூபாய்க்கு மேல் வட்டி மிகுதியாகிறது. அன்றியும், வண்டி பழையதாகிய பின்னும் தவணை புதியதாகவே இருக்கும்.

இங்கேதான், அன்பர்களே, நெஞ்சைத் தொடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் பணி ஓய்வு பெற்றவர் லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டியவர். முப்பது ஆண்டு கொழுந்தெடுத்த ஒரு தாய்க்கு, பணிக்கொடைக் கணக்கின்படி, ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் 450 நாட் கூலி கிடைக்கும். மழையிலும் அட்டையிலும் நின்று பெற்ற பணம் அது. நகரத்தில் வேலை பார்க்கும் மகன் அன்போடுதான் கேட்கிறான்: ‘அம்மா, அதை முன்பணமாகக் கொடுங்கள், கார் வாங்கி உங்களை ஊரெல்லாம் அழைத்துச் செல்கிறேன்’ என்று. அந்த அன்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் கார் வாங்கிய அன்றே விலை இறங்கத் தொடங்கும் பொருள். வீட்டு மனையோ அந்தத் தாய் தலைசாய்க்கும் இடம். தலைமேல் கூரை உறுதியாகும் வரை காருக்குக் கூரை தேடலாகாது. வீடு முதலில், வண்டி பின்னர். இதனை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மூன்றாவது, ஓட்டும் இன்பம். இளைஞர்கள் இதைக் கேட்டுப் புன்னகை புரிகின்றனர். இன்பம் வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை. மாட்டுப்பட்டி அணைக்கட்டின் ஓரமாக, இளவெயிலில், தேயிலைச் சரிவுகளுக்கிடையே வண்டி வழுக்கிச் செல்வது இன்பமல்லவா? ஆனால் சமவெளி இன்பம் வேறு, மலை இன்பம் வேறு. இங்கே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி 15 விழுக்காடு குறைவு. இயல்பாகக் காற்றை உறிஞ்சும் இயந்திரம் அதே அளவுக்குத் திறன் இழக்கும். கடற்கரையில் 72 குதிரைத்திறன் காட்டும் இயந்திரம் நம்மூரில் ஏறக்குறைய 61 காட்டும். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் நின்று புறப்படும்போது அது மூச்சுவாங்கும். டர்போ பூட்டிய இயந்திரம் காற்றை அழுத்தி உட்செலுத்துவதால் இந்த இழப்பைப் பெரிதும் ஈடுசெய்கிறது. மின்சார வண்டிக்கு இவ்விழப்பே இல்லை; இறக்கத்தில் ஓரளவு மின்னையும் திரும்பப் பெறுகிறது. ஆயினும் லயத்து வாசலில் மின்னேற்ற வழியுண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கடைவீதியைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டார் நால்வரையேனும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். இடையில் நிறுத்தி, பின்னே உருளாமல் மீண்டும் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாம் கியரில் தயங்காமல் இழுக்கிறதா, வளைவில் சாலையின் ஓரம் கண்ணுக்குத் தெரிகிறதா, மூடுபனியில் கண்ணாடி விரைவில் தெளிகிறதா என்பனவே மலைநாட்டில் இன்பத்தின் இலக்கணம். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறித் தளர்ந்துவிடும். ஓட்டுபவர் இன்புறப் பின்னிருப்பவர் துன்புறுவது குடும்ப வண்டியன்று. பின்னே உறங்கும் பாட்டி விழிக்காமல் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போடி சேர்பவனே தேர்ந்த ஓட்டுநன். அவனுடைய இன்பமே உயர்ந்த இன்பம்.

பாதுகாப்பு இம்மூன்றுக்கும் அப்பாற்பட்டது. அதைப் பேரம் பேசலாகாது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்.சி.ஏ.பி. என்னும் மோதல் சோதனை நம் நாட்டிலேயே நடைபெறுகிறது. வாங்க எண்ணும் வண்டி எத்தனை நட்சத்திரம் பெற்றது, குழந்தைகளுக்கான மதிப்பெண் என்ன என்று கேளுங்கள். பின்னிருக்கையிலும் வார் மாட்டுங்கள். 2020 ஆகஸ்டு 6-இல் பெட்டிமுடியில் மலை சரிந்து நம் மக்கள் 70 பேரைக் கொண்டுபோன துயரத்தை நாம் மறக்கவில்லை. பெருமழை நாளில் எந்த வண்டியும் மலையை வெல்லாது, வீட்டிலிருப்பதே அறிவு.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. கைராசியான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று அடிப்பாகத்தின் துருவையும், கிளட்சையும், பிரேக்கையும் பார்க்கச் செய்யுங்கள். கடன் தீர்ந்ததற்கான பத்திரம் உண்டா என்று கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். எல்லைப்புறத்தில் வாழும் நம்மவர், தம்பி கோவையில் வாங்கினான், அண்ணன் இங்கே ஓட்டுகிறான் என்று இருந்துவிடலாகாது. அந்த வரியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

முடிவாக, நாம் கூறும் வரிசை இது. வீட்டு மனைக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் ஒதுக்கியது போக மிஞ்சும் பணத்துக்குள் வண்டி அமையட்டும். நால்வர் ஐவர் அடங்கிய வீட்டுக்கு, திறன் மிக்க இயந்திரமுள்ள சிறு காரே சாலச் சிறந்தது. முதியோரும் குழந்தைகளுமாக ஏழு பேர் அடிக்கடி செல்லும் வீட்டுக்கு, கடைசி வரிசையைக் கழற்றவோ மடக்கவோ கூடிய வண்டி பொருந்தும். கரட்டுப் பாதையில் நாள்தோறும் பாரமும் ஏற்றுவோருக்கு உறுதியான டீசல் வண்டியே துணை. முடிவெடுக்கும் நாளில் வீட்டுப் பெண்களையும் அருகில் அமர்த்துங்கள். எத்தனை பேர், எத்தனை பை, எத்தனை நாள் என்னும் கணக்கை அவர்களைவிட நன்கறிந்தவர் எவரும் இலர்.

பக்கத்து வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து நம் வீட்டு வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவர்கள் வழி வேறு. நம் வழி வேறு. மாடும் இரயிலும் ஜீப்பும் கடந்து வந்த இம்மலைப் பாதையில் நம் குடும்பங்கள் கடனின்றி, காயமின்றி, களிப்போடு சென்று வருக என வாழ்த்தி விடைபெறுகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.